அம்மாவின் மூளையில் அழற்சி என்றால் அதற்கு மாத்திரை எங்கே?

வாசகி கேள்வி: என் அம்மாவுக்கு வயது 69. மூன்று ஆண்டுகளாக மறதி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருகிறது. அல்சைமர் என்று சொல்லி, இரண்டு ஆண்டுகளாக டோனெபெசில் மாத்திரை தருகிறார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. சென்ற மாதம் ஒரு மாலையிலிருந்து ஆளே மாறிப்போனார். பகலெல்லாம் தூக்கம். இரவில் எழுந்து உட்கார்ந்து போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். இறந்துபோன தன் அக்காவின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மூன்று நாள் இருந்துவிட்டேன். நான்காம் நாள் மருத்துவமனையில் சேர்த்தபோது சிறுநீரில் தொற்று என்றார்கள். அது குணமாகி ஐந்து வாரம் ஆகிறது. அம்மா பழைய நிலைக்கு வரவில்லை. தானே சேலை கட்டியவருக்கு இப்போது கொசுவம் வைக்கத் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் குறைந்துவிட்டது. துபாயில் இருக்கும் தம்பி, "இந்த நோய்க்குக் காரணமே மூளை அழற்சிதான்" என்று எங்கோ படித்துவிட்டு மஞ்சள் சத்து கேப்ஸ்யூல் அனுப்பியிருக்கிறான். தெரிந்த மருந்துக்கடைக்காரர், மூட்டுவலி மாத்திரையைத் தினமும் ஒன்று கொடுத்தால் அழற்சி அடங்கும் என்கிறார். அழற்சிதான் காரணம் என்றால் எங்கள் டாக்டர் ஏன் அதற்கு மருந்து எழுதவில்லை? அந்த மூன்று நாள் நான் சும்மா இருந்ததால்தான் இப்படி ஆனதா? எனக்கும் இது வருமா?
(தஞ்சை மாவட்ட வாசகி)

நரம்பியல் மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூட்டுவலி மாத்திரையைத் தொடங்கியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். 69 வயதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு அந்த மாத்திரையைத் தினமும் கொடுத்தால் முதலில் அடிபடுவது சிறுநீரகமும் இரைப்பையும். இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் மாத்திரைகளோடு சேரும்போது ஆபத்து இன்னும் கூடும். மருந்துக்கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னதை உலகம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பெரிய அளவில் செய்துபார்த்துக் கைவிட்டுவிட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் தம்பி படித்தது பொய்யில்லை. பாதி உண்மை. இந்த நோயில் பாதி உண்மை முழுப் பொய்யைவிட அதிகச் செலவு வைக்கும்.

"அழற்சி" என்ற சொல்லிலேயே அழல், அதாவது நெருப்பு, இருக்கிறது. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். இதுதான் நாம் அறிந்த அழற்சி. உங்கள் அம்மாவின் மூளையில் இந்த நான்கில் ஒன்றையும் காண முடியாது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. சாதாரண எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் இந்த அழற்சி தென்படாது. "மூளை வீக்கம்" என்று நம் ஊரில் சொல்வது வேறு, மூளைக்காய்ச்சல் வேறு. இங்கே பேசுவது பல ஆண்டுகளாக நீறுபூத்துக் கிடக்கும் கனலைப் பற்றி. சூடு ஏறிவிட்டது என்று தலைக்குக் குளிர்ந்த எண்ணெய் வைப்பவர்கள் உண்டு. வைத்துவிட்டுப் போங்கள், கெடுதல் இல்லை. கனலுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

அந்தக் கனலை மூட்டுவது யார்? மூளைக்குள் மைக்ரோக்ளியா என்று ஒருவகை செல்கள் இருக்கின்றன. 1919இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்தேகா இவற்றைத் தனியாக அடையாளம் கண்டு பெயர் வைத்தார். இவை நரம்புச் செல்களின் பங்காளிகள் அல்ல, குடியேறிகள். கரு உருவாகும் தொடக்க நாட்களில் கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து புறப்பட்டு மூளைக்குள் போய்த் தங்கி, ஆயுள் முழுதும் அங்கேயே பெருகி வாழ்கின்றன. வேலை, காவலும் துப்புரவும். சும்மா கிடப்பவை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2005இல் உயிருள்ள எலியின் மூளையை, மண்டையோட்டை மெல்லியதாக்கி அதன் வழியே படம்பிடித்தபோது அந்த எண்ணம் போயிற்று. செல் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் கிளைக் கைகள் நீள்வதும் சுருங்குவதுமாக அக்கம்பக்கத்தை ஓயாமல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. சிறு காயம் ஏற்படுத்தியவுடன் சுற்றிலும் இருந்த கைகள் எல்லாம் அந்தத் திசைக்குத் திரும்பின.

மாணவனாக இருந்தபோது அல்சைமர் நோயாளி ஒருவரின் மூளைத் திசுவை முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்த்தது நினைவிருக்கிறது. அமைலாய்டு என்ற புரதம் திரண்டு வட்ட வட்டமாகப் படிந்திருந்தது. எங்கள் கண்ணை இழுத்தது அந்த வட்டம் அல்ல, அதைச் சுற்றி இருந்தவை. கீழே விழுந்த வெல்லத்துண்டை எறும்பு மொய்ப்பதுபோல மைக்ரோக்ளியா அதை மொய்த்திருந்தன. "இவை தின்ன வந்தவையா, சண்டைக்கு வந்தவையா?" என்று பேராசிரியர் கேட்டார். நாங்கள் விழித்தோம். அவரும் விடை சொல்லவில்லை. அந்தக் கேள்விதான் இன்றும் இந்தத் துறையை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பிராங்பர்ட் மருத்துவமனையில் 1901இல் சேர்க்கப்பட்ட அவுகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி 1906இல் இறந்தபின், அலாய்ஸ் அல்சைமர் அவருடைய மூளையை ஆராய்ந்தார். 1907இல் வெளியான அந்தச் சின்னக் கட்டுரையில் படிவுகளையும் நரம்புச் செல்லுக்குள் இருந்த முடிச்சுகளையும் சொன்னவர், ஆதரவுச் செல்களான கிளியா மாறிக் கிடப்பதையும் அவற்றில் கொழுப்பு சேர்ந்திருப்பதையும் குறித்துவைத்தார். படிவும் முடிச்சும் பாடப்புத்தகத்தில் ஏறின. மூன்றாவதை எழுபது எண்பது ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்த செல்லைக் கூட்டிப் பெருக்க வந்தவை, வேறென்ன என்று விட்டுவிட்டார்கள்.

அந்த அலட்சியத்தைக் குலைத்தவர் கனடாவின் வான்கூவரில் இருந்த பாட்ரிக் மெக்கீர். நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய் கண்டு இறந்தவர்களின் மூளையில், நோய் தாக்கும் அதே பகுதியில், கிளர்ந்தெழுந்த மைக்ரோக்ளியா குவிந்திருப்பதை 1988இல் அவருடைய குழு காட்டியது. ஆனாலும் இது விளைவா, காரணமா என்ற சந்தேகம் தீரவில்லை. அதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு துப்பு கிடைத்தது. 1982இல் கலிபோர்னியாவில் கலப்பட ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் சில நாட்களிலேயே முற்றிய நடுக்குவாத நோயாளிகள்போல உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் நரம்புச் செல்களைக் கொன்றிருந்தது. அவர்களில் மூவரின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்த முடிவுகள் 1999இல் வந்தன. நஞ்சு ஏறி 3 முதல் 16 ஆண்டுகள் ஆகியிருந்தும் அங்கே மைக்ரோக்ளியா கிளர்ச்சியோடுதான் இருந்தன, செல்கள் இன்னும் செத்துக்கொண்டிருந்தன. தீக்குச்சி அணைந்து எத்தனையோ ஆண்டுகள். கனல் மட்டும் தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு இந்த ஆய்வின் மீது தனி மதிப்பு உண்டு. அழற்சி வெறும் துப்புரவு அல்ல, தானே சேதமும் செய்யக்கூடும் என்பதை மனித மூளையிலேயே காட்டிய ஆய்வு அது.

இதன் மறுபக்கம் 2013இல் வந்தது. ஐஸ்லாந்திலும் லண்டனிலும் இரு குழுக்கள் தனித்தனியாக ஒரே மரபணுவில் போய் முட்டின. பெயர் ட்ரெம்-2. மைக்ரோக்ளியாவின் மேல்புறத்தில் இருக்கும் ஒரு புலனுறுப்பை இது ஆக்குகிறது. அந்த மரபணுவில் ஒரு குறிப்பிட்ட அரிய பிழை இருப்பவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. இங்கே கவனியுங்கள்: அந்தப் பிழை காவலாளியை வெறிகொள்ள வைக்கவில்லை, மந்தமாக்குகிறது. வெல்லத்தைச் சுற்றி எறும்பு கூடாத மூளையில் நோய் அதிகம்! அப்படியானால் மொய்ப்பது நல்லதா, கெட்டதா? இரண்டும்தான். நோயின் முற்பகுதியில் மைக்ரோக்ளியா படிவைச் சூழ்ந்து அடைத்து, அதன் நச்சு பரவாமல் தடுக்கின்றன என்று தெரிகிறது. நாள்பட நாள்பட அதே செல்கள் சோர்ந்து, கழிவை விழுங்க முடியாமல், அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைக் கசியவிட்டு, பக்கத்தில் நல்லபடியாக இருக்கும் நரம்பு இணைப்புகளையும் கடித்துத் துப்பிவிடுகின்றன. எந்த நாளில் காவல் கலகமாக மாறுகிறது என்பதை ஒரு நோயாளியின் படுக்கையருகே நின்று சொல்லும் கருவி எங்கள் கையில் இல்லை. உங்கள் டாக்டர் அழற்சிக்கு மருந்து எழுதாததற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம், எழுதிப் பார்த்துவிட்டார்கள் என்பது. மூட்டுவாத நோயாளிகளிடம் அல்சைமர் குறைவாக இருப்பதுபோலத் தெரிகிறதே என்று 1990இல் மெக்கீர்தான் எழுதினார். அவர்கள் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைதான் காப்பாற்றுகிறதோ என்ற எண்ணம் பிறந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ஏறத்தாழ 7,000 முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2001இல் வந்தபோது, இரண்டு ஆண்டுக்கு மேல் அந்த மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. எவ்வளவு பெரிய நம்பிக்கை! அதே ஆண்டில் அமெரிக்காவில், குடும்பத்தில் மறதிநோய் உள்ள 70 வயது கடந்தவர்கள் 2,500 பேரிடம் நாப்ராக்சென், செலிகாக்சிப் என்ற இரண்டு மாத்திரைகளையும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். இதய ஆபத்து பற்றிய அச்சத்தால் 2004 டிசம்பரில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பலனும் தெரியவில்லை. நோய் வந்துவிட்டவர்களுக்கு நாப்ராக்செனும் அதன் உறவான இன்னொரு மாத்திரையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003இல் தோற்றது. அதற்கும் முன்பு, 2000இல், ஸ்டீராய்டு ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். நினைவாற்றல் மேம்படவில்லை, நடத்தைத் தொல்லைகள் ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் கூடின. அழற்சியை அடக்கும் குணம் உள்ள மினோசைக்ளின் என்ற மருந்தை, தசைகள் சுருங்கிப்போகும் ஏ.எல்.எஸ். நோயில் கொடுத்தபோது நோயாளிகள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட வேகமாகத் தேய்ந்தார்கள். அது 2007.

அப்படியானால் ராட்டர்டாம் கணக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நான் பலமுறை யோசித்தது இது. மறதி தொடங்கும் ஒருவர் மூட்டு வலிக்கிறது என்று சொல்வதையே மறந்துவிடுவார். வலி என்று சொல்லாதவருக்கு யார் மாத்திரை எழுதுவார்கள்? ஆக, மாத்திரை எடுத்ததால் மறதி வரவில்லை என்று நாம் படித்த இடத்தில், மறதி வந்துகொண்டிருந்ததால் மாத்திரை எடுக்கவில்லை என்பதும் ஒளிந்திருக்கலாம். நோய் வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டு முன்பே மூளையில் தொடங்கிவிடும் என்பதால், மாத்திரைக்கு உரிய காலம் நடு வயதாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் 69 வயதில் உங்கள் அம்மாவுக்கு அந்தக் கதவு திறக்காது.

இன்னொன்றைத் தம்பிக்குச் சொல்லுங்கள், அவருக்குச் சுவையாக இருக்கும். 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெக்கானெமாப் என்ற ஊசி மருந்து, அமைலாய்டு படிவில் போய் ஒட்டி, "இதைத் தின்னு" என்று மைக்ரோக்ளியாவுக்குக் கொடி காட்டுகிறது. தம்பி உறங்கவைக்க நினைக்கும் காவலாளியைத்தான் அந்த ஊசி உலுக்கி எழுப்புகிறது. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் நோயின் சரிவு 27 சதவீதம் மெதுவானது. 18 புள்ளி அளவுகோலில் அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசம் அது. வீட்டில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியுமா என்பதில் மருத்துவர்களே இரண்டு கட்சி. காவலாளி எழுந்த வேகத்தில் எட்டுப் பேரில் ஒருவருக்கு மூளையில் நீர்வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. அது நோயின் தொடக்க நிலைக்கான மருந்து. உங்கள் அம்மா இப்போது இருக்கும் நிலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சரி, ட்ரெம்-2ஐ நேரடியாகத் தட்டி எழுப்பினால்? அப்படி ஒரு மருந்தும் செய்தார்கள். 2024 நவம்பரில் அது நோயை மெதுவாக்கவில்லை என்று அறிவித்தார்கள். அடக்கினாலும் தோல்வி, எழுப்பினாலும் தோல்வி. மைக்ரோக்ளியாவைப் பற்றி "நல்லவன், கெட்டவன்" என்று எழுதும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு வரும் எரிச்சலுக்கு இதுதான் காரணம்.

மஞ்சள் கேப்ஸ்யூலுக்கு வருகிறேன். மஞ்சளில் உள்ள குர்குமின் சோதனைக்குழாயிலும் எலியிலும் அழற்சியைக் குறைப்பது உண்மை. தடை வேறிடத்தில் இருக்கிறது: அது குடலில் இருந்து இரத்தத்துக்குள் ஏறுவதே அரிது. 36 அல்சைமர் நோயாளிகளுக்கு 24 வாரம் கொடுத்த சோதனை 2012இல் வெளியானது. இரத்தத்தில் அது பேருக்குத்தான் இருந்தது, பலனும் இல்லை. மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் பல மடங்கு ஏறும் என்று 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் காட்டினார்கள். அதனால்தான் இன்று கடைகளில் விற்கும் பல கேப்ஸ்யூல்களில் மிளகுச் சத்தும் இருக்கும். அப்படி ஏற்றிவிட்ட மஞ்சளால் கல்லீரல் பாதித்தவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறார்கள். அரிது, ஆனால் இருக்கிறது. மஞ்சள் சாப்பிடும் நம் நாட்டில் மறதிநோய் குறைவு என்பதும் ஒரு பழைய நம்பிக்கை; 2023இல் வந்த தேசிய அளவிலான கணிப்பின்படி 60 வயது கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சளை வழக்கம்போலப் போடுங்கள். கேப்ஸ்யூல் டப்பாவை அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஏற்கெனவே சில வாரம் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளலாம்.

இனி நீங்கள் கடைசிக்கு முந்தைய வரியில் போட்டிருக்கும் கேள்வி. கடிதம் முழுதும் அதற்காகத்தான் எழுதப்பட்டது என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு அன்று வந்தது நோயின் முற்றல் அல்ல. அதற்கு டெலிரியம் என்று பெயர். ஊரில் "ஜன்னி கண்டுவிட்டது" என்பார்கள். அல்சைமர் மாதக்கணக்கில் நகரும். ஒரு மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையே ஆள் மாறினால் அது ஜன்னி. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, போர்வையின் நூலைப் பிய்ப்பது, இல்லாதவரோடு பேசுவது: நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே எங்கள் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம்.

சிறுநீர்ப்பையில் இருக்கும் தொற்று மூளைக்கு எப்படிப் போகிறது? கிருமி போவதில்லை, செய்தி போகிறது. தொற்றோடு போராடும் வெள்ளணுக்கள் விடும் வேதித் தூதுகள் இரத்தத்தின் வழியாகவும், வயிற்றிலிருந்து தலைக்கு ஓடும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளையை எட்டுகின்றன. மைக்ரோக்ளியா அந்தச் செய்தியை வாங்கித் தங்கள் மொழியில் மறுபடி ஒலிபரப்புகின்றன. காய்ச்சலில் நமக்குச் சோறு பிடிக்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுக்கிறோமே, அது இந்த ஒலிபரப்பின் வேலைதான். உடம்பு ஓய்வெடுக்க மூளை போடும் கட்டளை. நல்ல மூளையில் இரண்டு நாளில் அடங்கிவிடும். அல்சைமர் உள்ள மூளையில் மைக்ரோக்ளியா ஏற்கெனவே முறுக்கேறி இருக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் யாரோ "பாம்பு" என்று கத்தினால் என்ன ஆகுமோ அது ஆகிறது. இங்கிலாந்தில் 300 அல்சைமர் நோயாளிகளை ஆறு மாதம் கவனித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. இடையில் தொற்றோ அடியோ பட்டவர்களுக்கு நினைவுச் சரிவு மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் இருந்தது.

ஆகவே, அந்தத் தொற்று அம்மாவின் நோயை ஒரு படி கீழே தள்ளியிருக்கலாம். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்றினால் நான் பொய் சொன்னவன் ஆவேன். ஆனால் தள்ளியது தொற்று. அந்த மூன்று நாளில் ஒரு நாள் முன்னே சேர்த்திருந்தால் கொசுவம் வைக்க வந்திருக்கும் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. இந்த வயதில் தொற்றுக்குக் காய்ச்சலே வராமல் இருப்பது உண்டு, எரிச்சல் என்று சொல்ல அவருக்கு வார்த்தையும் வராது. தனியே பராமரிக்கும் ஒருவர் நான்காம் நாளில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது தாமதம் அல்ல. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நீர் வற்றி, நினைவே இல்லாமல் வருகிறவர்களைத்தான் நாங்கள் வார்டில் அதிகம் பார்க்கிறோம். ஐந்து வாரம் என்பதும் கடைசித் தீர்ப்பு அல்ல. ஜன்னி முழுதாகத் தெளிய இரண்டு மூன்று மாதம் பிடிப்பது உண்டு. எல்லாம் திரும்பும் என்று வாக்குத் தர மாட்டேன். கொசுவத்தை நீங்கள் பாதி மடித்துக் கையில் கொடுத்து, மீதியை அவரைச் செருகச் சொல்லிப் பாருங்கள். கை நினைவில் வைத்திருப்பதைச் சில நேரம் வாய் சொல்லாது.

மூளைக்குள் இருக்கும் கனலை அணைக்க இன்று மருந்து இல்லை. வெளியிலிருந்து அதன்மேல் ஊதாமல் இருக்க நிறைய வழி இருக்கிறது, அதில் பெரும்பங்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு நாளில் அம்மா வழக்கத்துக்கு மாறாகத் தூங்கினாலோ குழம்பினாலோ அதை நோயின் கணக்கில் எழுதாதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். மலம் எத்தனை நாளாகப் போகவில்லை, சிறுநீர் கட்டிக்கொண்டதா, தண்ணீர் குடித்தாரா, இருமல் இருக்கிறதா, விழுந்தாரா, சர்க்கரை எவ்வளவு, புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது: இவற்றை ஒரு நோட்டில் எழுதிப் போனால் பாதி வேலை முடிந்தது. இதில் ஒரு எச்சரிக்கை. வயதான பெண்களுக்குத் தொற்று இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். பரிசோதனைத் தாளில் கிருமி என்று இருந்தாலே ஆண்டிபயாடிக் கேட்டு நிற்காதீர்கள். உடம்பில் மாற்றம் இருந்தால்தான் அதற்குப் பொருள்.

புதிதாகச் சேர்ந்த மாத்திரை என்றேனே, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் அவில் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் சில மாத்திரைகள், கை நடுக்கத்துக்குத் தரும் பேசிட்டேன் ஆகியவை, டோனெபெசில் மூளையில் எதைக் கூட்டப் பார்க்கிறதோ அதையே தடுப்பவை. ஒரு கையால் ஊற்றி மறு கையால் இறைக்கும் வேலை. அம்மாவின் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். இரவில் பல்செட்டைக் கழற்றிக் கழுவி வைப்பது, சாப்பிட்டபின் வாய் கொப்பளிக்க வைப்பது, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வைப்பது எல்லாம் நுரையீரல் தொற்றைத் தடுக்கும். இன்ஃப்ளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள்.

அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுத்து மறதி பெருமளவு குணமாகக்கூடிய நோய் ஒன்று உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நாளைக்குத் தம்பி அதைப் படித்துவிட்டு, டாக்டர் மறைத்துவிட்டார் என்பார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளையழற்சி அது. முதியவர்களுக்கு வரும் வகையில் மறதி சில வாரங்களில் பாய்ந்து வரும். முகமும் கையும் ஒரு பக்கமாக நொடிப்பொழுது வெட்டி இழுக்கும், நாளைக்குப் பலமுறை. இரத்தத்தில் சோடியம் குறையும். அது தெரிந்தால் நான் ஒரு நாளும் தாமதிக்க மாட்டேன். உங்கள் அம்மாவுக்கு மூன்று ஆண்டாகப் படிப்படியாக வந்த மறதி அந்தச் சாயலில் இல்லை.

உங்களுக்கு வருமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு அறுபதுகளின் நடுவில் தொடங்கிய நோய். தலைமுறைக்குத் தலைமுறை நேராக இறங்கும் அரிய வகை பெரும்பாலும் இதைவிட இளம் வயதில் வரும். உங்கள் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளாதீர்கள். அதன் விடையை வைத்து இன்று செய்வதற்கு எதுவும் இல்லை, இரவுத் தூக்கம்தான் போகும். உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதத்தை மாற்றக்கூடிய 14 காரணிகளோடு, லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் முடிச்சுப் போட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, காற்று மாசு, தனிமை, பார்வைக் குறை, செவித்திறன் குறை எல்லாம் அதில் அடங்கும். இவற்றில் பல அழற்சியை ஊதுபவையே. 2025இல் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு முடிவு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்கு அங்கே அக்கித் தடுப்பூசி கிடைக்கவில்லை, அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குக் கிடைத்தது. பிறந்த தேதி மட்டுமே வித்தியாசம். ஏழு ஆண்டில், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் டிமென்ஷியா ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏன் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உங்களுக்கு ஐம்பது வயது ஆகியிருந்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடம் அந்த ஊசியைப் பற்றிப் பேசலாம்.

கூப்பிட்டால் அம்மா திரும்புவது குறைந்துவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மறதியின் கணக்கில் போட்டுவிட்டு மேலே போய்விட்டீர்கள் என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து வந்தவர்களுக்குக் காதில் குறும்பி இறுகி அடைத்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். அடுத்த முறை போகும்போது இரண்டு காதிலும் விளக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.